நால்வரும் நாற்பத்து நான்காம் நெடுஞ்சாலையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இம்மேடையில் இலக்கியம் பேசப் புலவர் பெருமக்கள் இருக்கின்றனர். எங்களுக்கு அத்தகுதி இல்லை. சங்கச் செயலாளர் எங்களிடம் கேட்டது வேறு. "கோடை விடுமுறையில் நான்கு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தில்லியிலிருந்து மதுரைச் சீமைக்கு மோட்டாரில் போய் வந்தீர்களே, அதைச் சொல்லுங்கள். நம் காலனியில் பாதிப் பேர் போகலாமா வேண்டாமா என்று ஆண்டுதோறும் யோசித்துக்கொண்டே ரயிலேறி விடுகிறார்கள்" என்றார். ஆகவே இது சொற்பொழிவு அன்று; வழி விசாரித்தவர்க்கு வழி சொல்லும் காரியமே.

நம் முன்னோர் இந்நகருக்கு வந்தது ரயிலில். 1929-இல் ஓடத் தொடங்கிய கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் கூஜாவும் படுக்கைச் சுருளுமாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த அவையில் இருக்கிறார்கள். 1976-இல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் வந்த பிறகு பயண நேரம் வெகுவாகக் குறைந்தது. ரயிலை நாங்கள் குறை சொல்ல வரவில்லை. செலவுக் கணக்கிலும் களைப்புக் கணக்கிலும் மோட்டார் வண்டி ரயிலை வெல்லாது. எங்கள் ஏழு இருக்கை வண்டிக்கு ஒரு வழிப் பயணத்தில் மட்டும் ஏறத்தாழ 170 லிட்டர் டீசல் ஆயிற்று. சுங்கக் கட்டணமும் இரவு தங்கும் செலவும் தனி. பணம் மிச்சமாகும் என்று எண்ணி எவரும் புறப்பட வேண்டா.

பின் எதற்காகப் போனோம்? தந்தையாரின் எண்பதாம் அகவை நிறைவு விழா மே மாதத்தில் வந்தது. எங்கள் பிள்ளைகள் இருவர். இதே காலனியில் வாழும் தம்பிக்கு விடுப்புக் கிடைக்காமையால் அவர் பிள்ளைகள் இருவரையும் எங்களிடம் ஒப்படைத்தார். பதின்மூன்று, பத்து, ஏழு, நான்கு என்று வயதுகள். ஆறு பேருக்குச் சேர்ந்தாற்போல் ரயிலில் இடம் கிடைக்கவில்லை. இது ஒரு காரணம். மற்றொன்று நெடுநாளைய எண்ணம். இப்பிள்ளைகளுக்குத் தில்லி தெரியும், தாத்தாவின் ஊர் தெரியும். இரண்டிற்கும் நடுவே இருக்கும் நாடு அவர்களுக்கு ரயில் சன்னலில் இரண்டு இரவு உறக்கமாகவே இருந்து வந்தது.

வழி மிக எளிது. ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44-ஆம் தேசிய நெடுஞ்சாலை ஒன்றே போதும். அதன் முழு நீளம் 3,745 கிலோமீட்டர். 2010-இல் எண்களை மாற்றியமைத்தபோது, காசியிலிருந்து குமரி வரை ஓடிய பழைய 7-ஆம் எண் சாலையின் பெரும்பகுதி இதனோடு இணைந்தது. தில்லியிலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர். இளைஞர் சிலர் இதனை இரண்டரை நாளில் முடித்ததாகப் பெருமை பேசக் கேட்டிருக்கிறோம். பிள்ளைகள் உடன் வரும்போது அந்தக் கணக்கு உதவாது. நாளொன்றுக்கு 450 கிலோமீட்டரை ஒட்டி ஓட்டுவது, பொழுது விடிந்தபின் புறப்படுவது, பொழுது சாயும் முன் தங்குமிடம் சேர்வது என்று மூன்று விதி வகுத்தோம். ஜான்சி, சிவனி, நிர்மல், கர்நூல், கிருஷ்ணகிரி என ஐந்து இடங்களில் இராத்தங்கல்; ஆறாம் நாள் ஊர். விழா எட்டாம் நாள் காலையில். ஆக, கையிருப்பில் ஒரே ஒரு நாள்.

வண்டிக்குள் இடம் பிரிப்பதுதான் முதற்போர். எவர் சன்னலோரம் என்ற வழக்கைத் தீர்க்க ஒரு சக்கர முறை ஏற்படுத்தினோம்; ஒவ்வொரு நிறுத்தத்திலும் இடம் மாறும். ஆனால் இரண்டு செய்திகளில் வழக்குக்கே இடமில்லை. பிள்ளைகள் எவரும் ஓட்டுநர் பக்கத்து முன்னிருக்கையில் அமர்தல் கூடாது. வார்ப்பட்டை மாட்டாமல் வண்டி நகராது. நான்கு வயதுச் சிறுவனுக்கு அவன் அளவுக்குரிய குழந்தை இருக்கை ஒன்று வாங்கிப் பின்னிருக்கையில் பிணைத்தோம். "மடியில் வைத்துக்கொண்டால் போதாதா?" என்று அண்டை வீட்டார் கேட்டனர். மடி என்பது அன்புக்கு உரிய இடம்; வண்டி மோதினால் குழந்தையைப் பிடித்து நிறுத்தும் வலிமை எந்தத் தாயின் கைக்கும் இல்லை. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டமும் பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை வார்ப்பட்டையோ குழந்தை இருக்கையோ இன்றி ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. ஆயிரம் ரூபாய்க்கு அஞ்சியாவது மாட்டினால் சரி.

உணவைப் பற்றித் தாய்மார்கள் கட்டாயம் கேட்பார்கள். முதல் நாளுக்குப் புளியோதரையும், மிளகாய்ப்பொடி எண்ணெய் தடவிய இட்டிலியும் கொண்டு போனோம். தேங்காய் சேர்த்தது எதுவும் மே மாத வெயிலில் நண்பகலைத் தாண்டாது, தயிர்சாதமும் அப்படியே. இரண்டாம் நாளிலிருந்து சாலையோர தாபாக்களில் சூடான ரொட்டியும் பருப்பும். கூட்டம் மிகுந்த கடையில் பண்டம் தேங்காது என்பது பழைய விதி, அது பொய்க்கவில்லை. வெள்ளரியும் வாழைப்பழமும் வறுத்த கடலையும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. இனிப்பும் எண்ணெய்ப் பண்டமும் கொடுத்த பிற்பகல்களில்தான் வாந்தி வந்தது.

வாந்தியைப் பற்றியும் சொல்லிவிடுவோம். மேடைக்கு ஒவ்வாத பொருள் என்றாலும் வழிக்கு இன்றியமையாதது. உடல் அசைகிறது என்று காதின் உட்பகுதி சொல்கிறது. புத்தகத்தையோ கைப்பேசியையோ நோக்கும் கண், அசைவில்லை என்று சொல்கிறது. இவ்விரு சாட்சிகளின் முரண்பாடே தலைசுற்றலுக்கு மூலம். இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளை இது மிகுதியாகப் பற்றும். மருந்து எளிது: திரையை அணைத்துவிட்டுத் தொலைவில் தெரியும் மரத்தையோ மலையையோ பார்க்கச் சொல்லுதல். இதன் பொருட்டே சன்னலுக்கு வெளியே வேலை கொடுக்கத் தொடங்கினோம். அதுவே பயணத்தின் உயிராக அமைந்தது.

மூத்தவளுக்கு ஒரு குறிப்பேடு கொடுத்து, கடக்கும் ஆறுகளை எழுதச் சொன்னோம். ஒவ்வோர் ஆறும் எங்கே பிறக்கிறது, எத்திசையில் ஓடுகிறது, எதில் கலக்கிறது என்று நால்வரும் சேர்ந்து கண்டுபிடிக்க வேண்டும். ஆக்ரா வரை யமுனை இடப்புறம் கண்ணுக்குத் தெரியாமல் உடன் வந்தாள். கல்லுக்குப் பேர்போன தோல்பூரைத் தாண்டியதும் சம்பல். நம் தலைநகரின் குடியரசுத் தலைவர் மாளிகைக்குப் போன கல் இவ்வூர்ப் பக்கத்தது என்றதும் பத்து வயதுக்காரன் சாலையோரப் பாறைகளைப் பழைய உறவினரைப் பார்ப்பதுபோல் பார்த்தான். சம்பலின் இரு கரையிலும் மண் அரித்துப் பிளந்து கிடக்கும் பள்ளத்தாக்குகள் கொள்ளைக்காரர் கதைகளுக்கென்றே அமைந்தவை போல் இருந்தன. ஆற்றிலோ நீண்ட மூக்குடைய கரியால் முதலைகளுக்குச் சரணாலயம். பாலத்தில் வண்டியை நிறுத்தல் ஆகாது என்பதால் முதலை எதனையும் காணவில்லை. ஆனால் ஒரு கட்டையை முதலை என்று ஏழு வயதுக்காரி இன்றளவும் சாதிக்கிறாள்.

ஜான்சிக்குத் தெற்கே பேத்வா. நரசிங்கபூர்ப் பக்கம் பர்மான் என்னுமிடத்தில் நருமதை. இங்கே குறிப்பேட்டில் ஒரு சண்டை. அதுவரை எழுதிய ஆறுகள் யமுனையில் சேர்ந்து வங்கக் கடலுக்குப் போகின்றன. நருமதை மட்டும் மேற்கே திரும்பி அரபிக் கடலுக்குப் போகிறாள். "தப்பாக எழுதிவிட்டாய்" என்றான் தம்பி. வரைபடத்தை விரித்துக் காட்டிய பிறகே ஒப்புக்கொண்டான். நாம் போகும் வழியில் பேராறுகளுள் மேற்கு நோக்குபவள் அவள் ஒருத்தியே. அப்புறம் வார்தா, பைன்கங்கா, கோதாவரி, கிருஷ்ணா, துங்கபத்திரை என்று எல்லோரும் மீண்டும் கிழக்கு. பாமிடி என்ற ஊரில் வடபெண்ணை மணலாகக் கிடந்தது. இரண்டு நாளில் கிருஷ்ணகிரிக்கப்பால் தென்பெண்ணை. இருவரும் கர்நாடகத்து நந்தி மலைப் பகுதியிலேயே பிறந்து, ஒருத்தி நெல்லூருக்கும் மற்றொருத்தி கடலூருக்கும் வாழ்க்கைப்பட்டவர்கள் என்று சொன்னதும், "நம் அத்தைகள்போல" என்றாள் ஏழு வயதுக்காரி.

இன்னொரு விளையாட்டு லாரி எண்கள். மத்தியப் பிரதேசத்துக் காட்டுச் சாலையில் எதிரே வந்த லாரியில் டி.என். 28 என்று கண்டபோது பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஓட்டியவர் திடுக்கிட்டார். டி.என். 28 என்றால் நாமக்கல். பாரதத்தின் எந்த மூலைக்குப் போனாலும் நாமக்கல் லாரி நமக்கு முன்பே போயிருக்கும். சாகருக்கு அப்பால் ஒரு தாபாவில் அப்படி ஒரு லாரியின் ஓட்டுநர் அண்ணன் ஒருவர், எங்கள் பிள்ளைகள் தமிழில் சண்டையிடுவதைக் கேட்டுத் தாமே வந்து அமர்ந்தார். எங்கே போகிறோம், எங்கே தங்குகிறோம் என்று விசாரித்தார். "பிள்ளைகளை வச்சுக்கிட்டு ராத்திரி ஓட்டாதீங்க சார். எங்களுக்கே ரெண்டு மணிக்கு மேல கண்ணு நிக்காது. நிக்கிற மாதிரி இருக்கும், நிக்காது" என்றார். முப்பது ஆண்டு ஓட்டியவரின் வாக்கு அது. கிருஷ்ணகிரியில் எங்களுக்கு இது நினைவுக்கு வந்தது. அதனைப் பின்னர்ச் சொல்கிறோம்.

சிவனியிலிருந்து நாகபுரி போகும் வழியில் பெஞ்ச் புலிக் காட்டை ஒட்டிச் சாலை செல்கிறது. அங்கே சாலையைத் தூண்களின்மேல் உயர்த்திக் கட்டி, விலங்குகள் கீழே கடந்துபோக ஒன்பது வழிகள் விட்டிருக்கிறார்கள். வண்டியின் ஒலியும் ஒளியும் காட்டுக்குள் புகாதபடி இருபுறமும் தடுப்புச் சுவர்கள். 2019-இல் அங்கே வைத்த தானியங்கிப் புகைப்படக் கருவிகளில் புலி உட்பட 18 வகைக் காட்டுயிர்கள் கடந்தது பதிவாயிற்று. "இப்போது நமக்குக் கீழே புலி போகுமா?" என்று சிறியவன் கேட்டான். போகக்கூடும் என்றோம். அந்தப் பகுதி முழுவதும் வண்டியில் ஒரு சத்தமில்லை. அத்தகைய அமைதி மீண்டும் எங்களுக்கு வாய்க்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை நிர்மலில் இறங்கும்போது சிறியவனின் உடல் நெருப்பாகக் கொதித்தது. இரவில் வாந்தியும் சேர்ந்தது. காலையில் அவ்வூர் மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். அவர் முதலில் கேட்ட கேள்வி காய்ச்சல் எத்தனை டிகிரி என்பதன்று, "பையன் சிறுநீர் கழித்து எத்தனை மணி நேரமாயிற்று?" என்பதே. நீர் வற்றியிருக்கிறது, உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள், காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் கழியாமல் இந்த வெயிலில் வண்டியேற்றாதீர்கள் என்றார். பொட்டலம் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து கரைத்தாலும் ஆகும். உப்பு அளவு மீறக்கூடாது. இதனைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நாள் நிர்மலில் தங்கினோம். ஒருவர் சிறியவனோடு அறையில். மற்றவர் மூவரையும் அழைத்துக்கொண்டு ஊர் சுற்றல். நிர்மல், மரப் பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். பொனிக்கி என்னும் இலேசான மரத்தைச் செதுக்கிக் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் மாம்பழமுமாக வண்ணம் தீட்டி வைக்கிறார்கள். கையில் எடுத்தால்தான் மரம் என்று தெரியும். செதுக்குபவர் ஒருவரின் எதிரில் மூவரும் முழு முற்பகல் அசையாமல் உட்கார்ந்திருந்தனர். விழாவுக்கென்று மிச்சம் வைத்திருந்த ஒரு நாளும் போய், அதற்குமேல் ஒரு நாளும் போயிற்று. ஊரிலிருந்து தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின.

அதன்பின் கர்நூல் வரையும், கர்நூலிலிருந்து பெங்களூர் வரையும் சாலை அகன்றது, வெயில் கொடியது; சொல்வதற்கு வேறொன்றும் இல்லை. பெங்களூரைக் கடக்க மட்டும் இரண்டரை மணி நேரம். ஆனால் எழுத்துகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பைன்கங்கா வரை பலகைகளில் தேவநாகரி. ஆற்றைத் தாண்டியதும் தெலுங்கு. அனந்தபுரத்துக்கு அப்பால் கன்னடம். "இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றனவே" என்று பிள்ளைகள் கேட்டது சரியான கேள்வி, அவை உடன்பிறந்த எழுத்துகளே. அத்திப்பள்ளியைக் கடந்து ஓசூர் எல்லையில் முதல் தமிழ்ப் பலகை வந்தது. மூத்தவள் நம் சங்கத்து ஞாயிறு வகுப்பில் எழுத்துக் கற்றவள். தில்லியில் அவள் தமிழ் எழுத்தைக் கண்டது பாடப் புத்தகத்திலும், திருமண அழைப்பிதழிலும், இந்தச் சங்கத்துச் சுவரிலும்தான். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை ஐம்பது கிலோமீட்டருக்கு அவள் வாய் மூடவில்லை. உணவகம், உதிரிப்பாகம், கல்லுடைக்கும் ஆலை, வாடகைக்கு விடப்படும், சிறுநீர் கழிக்காதீர் - கண்ணில் பட்ட அனைத்தையும் உரக்கப் படித்தாள். பத்து வயதுக்காரன் தனக்கும் அடுத்த வாரமே கற்றுத்தர வேண்டுமென்று கோபித்துக்கொண்டான்.

கிருஷ்ணகிரிக்கு மாலை ஆறு மணிக்குச் சேர்ந்தோம். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு விழாச் சடங்கு. மதுரைக்கு 340 கிலோமீட்டர். நல்ல நான்கு வழிச் சாலை. அத்தை அழைத்தார், சிற்றப்பா அழைத்தார், பெரிய அண்ணன் இருமுறை அழைத்தார். "இன்னும் ஆறு மணி நேரந்தான். சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டால் நடுச்சாமத்துக்குள் வீடு. எண்பது வயசு மறுபடியும் வருமா?" என்றனர். அவர்கள் கேட்டதில் தவறில்லை. எங்களுக்கும் மனம் இரண்டுபட்டுத்தான் கிடந்தது. ஏழு நாளாகச் சுற்றி வந்த உடல். பின்னிருக்கையில் நான்கு உயிர், அவற்றுள் இரண்டு தம்பி ஒப்படைத்தவை.

2022-இல் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் 61,038 பேர் தேசிய நெடுஞ்சாலைகளில் இறந்தவர்கள். சாலையின் மொத்த நீளத்தில் சிறு பங்கே இந்நெடுஞ்சாலைகள். சாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். நல்ல சாலை என்பது உறக்கத்துக்கும் நல்ல சாலை. எதிர்ப்பக்கமாக விளக்கின்றி வரும் இரு சக்கர வண்டி, ஓரத்தில் பழுதாகி நிற்கும் லாரி, குறுக்கே படுத்த மாடு - பகலில் இவற்றையெல்லாம் ஏழு நாளும் பார்த்து வந்தோம். இரவில் அவை இல்லாமற் போவதில்லை, தெரியாமற் போகும். "கண்ணு நிக்கிற மாதிரி இருக்கும், நிக்காது" என்ற சாகர் வழி அண்ணனின் சொல்லை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, அழைத்தவர்களிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டு உறங்கினோம். அண்ணன் பதில் சொல்லாமல் வைத்துவிட்டார்.

மறுநாள் கீழ்வானம் வெளுத்ததும் கிளம்பினோம். தருமபுரிப் பக்கம் நுங்கு வாங்க மட்டும் ஒரு நிறுத்தம், பரமத்தி வேலூரில் காவிரி, கரூரில் அமராவதி. ஊர் சேர்ந்தபோது சடங்கு முடிந்து முதற்பந்தியும் எழுந்திருந்தது. திருநீறு பூசிய நெற்றியும் மாலையுமாகத் தந்தையார் திண்ணையில் இருந்தார். உறவினர் சிலரின் முகம் எங்களைக் கண்டு மலரவில்லை. தந்தையார் கேட்ட முதல் கேள்வி, "ராத்திரி ஓட்டினீர்களா?" என்பது. இல்லை என்றோம். சிறியவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "இவர்களுக்கு இலை போடுங்கள்" என்றார். சடங்கைக் காணாத வருத்தம் எங்களுக்கு இன்றும் இருக்கிறது. மாலையில் மூத்தவள் ஆறுகளின் குறிப்பேட்டைத் தாத்தாவிடம் காட்டினாள். அவர் வைகையை எழுதவில்லையே என்றார். மே மாதத்து வைகையில் நீரில்லாததால் அது ஆறென்றே தனக்குத் தெரியவில்லை என்றாள். அவையினர் சிரித்ததுபோல் அன்று அவரும் சிரித்தார்.

இனிப் புறப்படுவோருக்குச் சில சொற்கள். சுங்கச் சாவடிகளில் 2021 பிப்ரவரி முதல் ஃபாஸ்டாக் கட்டாயம். பணம் தீராமல் பார்த்துக்கொள்க. நெடுஞ்சாலையில் இடர் நேர்ந்தால் 1033 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். பெரிய பிள்ளைகளுக்கும் அதனை மனப்பாடம் செய்வியுங்கள். இரண்டு மணிக்கொரு முறை, தூக்கம் வந்தாலும் வராவிட்டாலும், கால் மணி நேரம் இறங்கி நடக்க வேண்டும். எத்துணை விரைவான வேலையாயினும் பிள்ளையை மூடிய வண்டியில் விட்டுவிட்டுக் கடைக்குள் போகாதீர்கள். நிறுத்திய வண்டியின் உள்வெப்பம் பத்தே நிமிடத்தில் பத்து டிகிரி வரை ஏறும். பெரியவர் உடலைவிடக் குழந்தை உடல் பன்மடங்கு விரைவாகச் சூடேறும். கையிருப்பு நாள் ஒன்று போதாது, இரண்டு வையுங்கள். கழிப்பிட வசதியைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. பெண் குழந்தைகளோடு போவோர்க்கு அது தலையாய கவலை. பெரிய எரிபொருள் நிலையங்களை நம்பலாம். சிலவற்றில் பூட்டு தொங்கும், சாவி கேட்டு வாங்க வேண்டும். கேட்க வெட்கப்படாதீர்கள்.

எங்கள் வழித்திட்டத்தையும், தங்கிய ஊர்களின் தூரத்தையும், மருந்துப் பெட்டியில் வைத்தவற்றின் பட்டியலையும் படியெடுத்துச் சங்க நூலகத்தில் வைத்திருக்கிறோம். ஆறுகளின் குறிப்பேட்டை மூத்தவள் தர மறுத்துவிட்டாள். பார்க்க விரும்புவோர் எங்கள் வீட்டுக்கு வரலாம்.